எட்டு எலுமிச்சம்பழமும் ராக்கெட் வண்டியும்

மட்டாஞ்சேரி,
26.4.2003

மதிப்பிற்குரிய இசக்கிமுத்து மாமா அவர்களுக்கு,

அக்காள் மகள் செல்வலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா நலம், அம்மா நலம், நான் உயிரோடு இருக்கிறேன். வண்டி நலமில்லை. அங்கு தாங்களும் அத்தையும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். தங்கள் நலத்துக்கு என்ன குறை, கெடுப்பதற்கு அங்கே இன்னொரு மாமா இல்லையே.

இந்தக் கடிதம் தங்களுக்கு வியப்பாக இருக்கும். பத்து நாள் எங்கள் வீட்டில் இருந்தபோது நான் தங்களோடு பேசியது, ஒரு நாளை விட்டுவிட்டால், முப்பது வார்த்தைக்கு மேல் இராது. எனக்கு வாயால் பேச வராது, எழுத வரும். அதையும் மலையாளத்தில் எழுதினால் கோபம் தங்குதடையில்லாமல் வரும், ஆனால் தங்களால் படிக்க முடியாது, அவ்வளவு திட்டும் வீணாகிவிடும். ஆகவே அம்மா கற்றுக்கொடுத்த தமிழில், நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படிக்கவும். லாரி ஓட்டிக்கொண்டு படிக்க வேண்டாம்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்து நாளில் ஒரு நாளும் தாங்கள் அதைக் கேட்கவில்லை. நம் குடும்பத்திலேயே கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியவள் நான்தான் என்று புளியங்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு நான் மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போனதும், மூன்றிலும் 'பேரென்ன' என்ற கேள்விக்கு மேல் எனக்குக் குரல் எழும்பவில்லை என்பதும் தங்களுக்குத் தெரியாது. மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் இரக்கப்பட்டு, பதிலை எழுதியாவது காட்டு என்று தாளை நீட்டினார். எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நவம்பரில் அந்த விளம்பரம் வந்தது. எர்ணாகுளத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஓர் அறிவியல் கூடத்துக்கு மாதிரிகள் செய்ய ஓர் ஆள் வேண்டும், விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் கையாலேயே முதலிலிருந்து செய்த பெரிய மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து இயக்கிக் காட்ட வேண்டும், பெட்டியில் விற்கும் பாகங்களைச் சேர்த்துச் செய்தது கூடாது. இவ்வளவுதான் இருந்தது. பேச வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நான் ஏழு முறை படித்துப் பார்த்தேன், இல்லை.

எல்லோரும் ராக்கெட்டைச் செய்துகொண்டு வருவார்கள் என்று தெரியும். அதனால் நான் ராக்கெட்டைச் சுமக்கிற வண்டியைச் செய்வது என்று முடிவுசெய்தேன். அமெரிக்காவில் இருக்கிறது அது. கொட்டகைக்குள் பூட்டி முடித்த ராக்கெட்டை, நின்ற நிலையிலேயே, ஏவுகிற மேடைவரைக்கும் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும். மேட்டில் ஏறும்போது வண்டி சாயும், மேலே இருக்கிற தட்டு சாயாது. நாலு மூலையும் தனித்தனியாக உயர்ந்தும் தாழ்ந்தும் தட்டை மட்டமாகவே வைத்துக்கொள்ளும். புகைப்படங்களில் எல்லோரும் ராக்கெட்டைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வண்டி சுமையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒருவரும் பார்க்காமல் திரும்பி வந்துவிடும். நூலகத்துப் புத்தகத்தில் பார்த்த அன்றே எனக்கு அதைப் பிடித்துப்போனது. அப்பா முப்பது வருடமாக பஜாரில் செய்கிற வேலையும் அதுதானே.

ஐந்து மாதம், மாமா. அப்பா சுமை எடுக்கிற குடோனில் உடைந்துபோன தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அந்தப் பலகையில் உடம்பைச் செய்தேன். நிஜ வண்டிக்கு எட்டுச் சங்கிலிப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஐம்பத்தேழு இரும்புத் தட்டுகள், ஆக நானூற்று ஐம்பத்தாறு. ஒன்றைக்கூட நான் குறைக்கவில்லை. தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் அடித்திருக்கும் தகரத்தை வெட்டி, மடக்கி, துளையிட்டு, குடைக்கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி அதையே ஊசியாகச் செருகிக் கோர்த்தேன். பள்ளுருத்தியில் பழைய கார் உடைக்கிற கடையிலிருந்து பட்டைக்கு ஒன்றாக எட்டு வைப்பர் மோட்டார், மூலைக்கு ஒன்றாக இன்னும் நாலு. தட்டு சாய்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய், அதில் மிதக்கிற தக்கை, தக்கை ஏறினால் ஒரு கம்பியைத் தொடும், தொட்டால் அந்த மூலை மோட்டார் ஓடும். முடிந்தபோது ஒரு மீட்டர் நீளம், மிளகுத் தராசில் முப்பத்திரண்டு கிலோ. தட்டின்மேல் விளிம்புவரை நிறைத்த ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, சாய்ந்த பலகையில் ஏற்றினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மா அடுப்பிலிருந்த கப்பைக் கிழங்கை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ஏப்ரல் பத்து. தேர்வு இருபத்து மூன்று. நடுவில் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

வேலைநிறுத்தம் தொடங்கிய நாளே, விஷு பிறப்பதற்குள், துறைமுகத்தில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, தோளில் ஒரு சாக்கு எலுமிச்சம்பழத்தோடு தாங்கள் வந்து சேர்ந்தீர்கள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வண்டியைப் பார்த்துவிட்டீர்கள். இருபத்தெட்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர் பார்க்கிறாரே, ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் கதவோரம் நின்றேன்.

"ஏளா, ஸ்டியரிங்கு எங்க?"

ஓட்டுகிறவர் அறையைக் காட்டினேன். ஒரு மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று.

"இது ரெண்டும் கக்கூஸுன்னுல்லா நெனச்சேன். ரெண்டு டிரைவரா? எதுக்கு?"

போகும்போது இந்த அறை, வரும்போது அந்த அறை, வண்டி திரும்பாது என்று சொன்னேன். அது எட்டு வார்த்தை. என்னுடைய முப்பதில் அதுவும் சேர்த்தி.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கு எவன்ளா லைசென்ஸ் குடுத்தான்?" என்று கேட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். அப்பாவும் சிரித்தார். அதை நான் மறக்கவில்லை. அடுத்தது, லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்று கேட்டீர்கள். பதில் எனக்குத் தெரியும், வேண்டாம் என்று பார்த்தேன், விடவில்லை. நிஜ வண்டி மூன்று மீட்டர் என்றேன்.

"கிலோமீட்டரா?"

மீட்டர் என்றேன்.

தாங்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, ஒரு சாயா போடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தீர்கள்.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மறுநாள் நான் நூலகத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் வண்டியின் பின்பக்கம் இரண்டு ரப்பர் மட்கார்டு தொங்கியது, முன்பக்கம் என் கறுப்பு ரிப்பன், என்னுடைய ரிப்பன் மாமா, கல்லூரி கடைசி நாள் கட்டிக்கொண்டு போனது, திருஷ்டிக்காகக் குஞ்சம் கட்டித் தொங்கியது. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் நாக்கை நீட்டிய ஒரு பூதம். பின்னால் பெரிய எழுத்தில் 'இடைவெளி விடவும்'. மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போகிற வண்டிக்குப் பின்னால் எவன் மாமா மோத வருவான்? பிளேடால் சுரண்டினேன், ஒரு பகல் முழுக்கச் சுரண்டினேன். பூதம் போனது, நாக்கு போகவில்லை, இன்னும் இருக்கிறது. நான் சுரண்டுவதைத் தாங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "பெயின்டு புடிக்கலையா தாயி? மஞ்சள்ல அடிச்சித் தரட்டா?" என்று அன்பாகக் கேட்டீர்கள். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்கிற ஒருவரை வாசலில் நிறுத்திவிடலாம். தங்களை என்ன செய்வது?

இருபத்தொன்றாம் தேதி கிரீஸ். அன்று நான் இல்லாத நேரம் அரை மணிதான், ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். அந்த அரை மணியில் நானூற்று ஐம்பத்தாறு தட்டுக்கும் கிரீஸ் பூசுகிற வேகம் தங்களுக்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பட்டைக்குப் பூசினீர்கள், அச்சுக்குப் பூசினீர்கள், தண்ணீர்க் குழாய்க்குள் இருக்கிற கம்பி முனைக்கும் ஏன் பூசினீர்கள்? கம்பியில் கிரீஸ் இருந்தால் மின்சாரம் எப்படிப் போகும்? அம்மா சோற்றுப் பானையோடு வழுக்கி விழுந்தாள், பானை போனது, அம்மாவுக்கு முழங்கை வீங்கியது, அதற்கும் தாங்கள் கிரீஸையே தடவப் போனீர்கள். எட்டுப் பட்டையையும் கழற்றி, ஊசி ஊசியாக உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, திரும்பவும் கோர்க்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. "குடுளா, நானும் நாலு பட்ட கோத்துத் தாரேன்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கடைசிப் பட்டையைக் கோர்த்து முடிக்கும்போது போவதற்கு நேரமாகிவிட்டது. ஒரு தடவை ஓட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை மாமா, ஒரே ஒரு தடவை.

புறப்படுகிறபோது கயிறு. ராக்கெட் நின்றபடிதான் போகும், அந்த வண்டியின் பெருமையே அதுதான் என்று எத்தனை படம் காட்டினேன்? "நிக்க வச்சி லோடு ஏத்துனா வளைவுல கவுந்துரும்ளா, நான் எத்தன வருசமா ஓட்டுதேன்" என்று, நான் காலண்டர் அட்டையைச் சுருட்டிச் செய்த ராக்கெட்டைப் படுக்க வைத்து, தார்ப்பாய் போட்டு, காலை ஊன்றி, லாரிக்குக் கட்டுகிற மாதிரி இழுத்துக் கட்டினீர்கள். ராக்கெட் நடுவில் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தங்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அப்போது "ரைட், ரைட்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

படகுத்துறைவரை அப்பாவும் அவரோடு சுமை எடுக்கிற முகமது இஸ்மாயில் இக்காவும் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கி வந்தார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முப்பத்திரண்டு கிலோவை ஓர் அங்குலம் சாயாமல் கொண்டுவந்தார்கள். என் தண்ணீர்க் குழாயைவிட அந்த இரண்டு கழுத்தும் நல்ல மட்டம். படகில் ஏற்றியதும், கட்டிலா, மீன் காயவைக்கிற தட்டா என்று ஆள் ஆளுக்கு அப்பாவைக் கேட்டார்கள். "எந்தா தங்கதுரை, கட்டிலோ?" "மீன் உணக்கான் உள்ள தட்டாணோ?" இஸ்மாயில் இக்கா எல்லோருக்கும் பொதுவாக, "மோளுடெ பரீட்சையா", அதாவது மகளுடைய பரீட்சை, என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். போதுமே அது! தாங்கள் ஏன் மாமா எழுந்து நின்று, படகு முழுக்கக் கேட்கும்படி, "ராக்கெட்டு லோடு! சந்திரனுக்கு! இன்னைக்குப் போயி நாளைக்கு ரிட்டன்!" என்று அறிவித்தீர்கள்? நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தண்ணீரைப் பார்த்தேன். எர்ணாகுளம் வரும்வரைக்கும் தண்ணீரையே பார்த்தேன்.

கூடத்தில் மொத்தம் பதினெட்டு மேசை. பதினாறில் ராக்கெட். தேர்வாளர்கள் மூன்று பேர், நடுவில் அம்பிளி என்று ஒரு அம்மையார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வந்தார்கள். என் மேசைக்கு அவர்கள் வந்தபோது நான் இன்னும் கயிற்று முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தேன். "நான் போட்ட முடிச்ச நான்தான் அவுக்கணும்" என்று தாங்கள் உள்ளே வந்தீர்கள். உதவிக்கு வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. மலையாளத்தில் இருந்தது என்று பிறகு சொன்னீர்கள். சரி. அவிழ்த்தீர்கள். ஒடிந்த ராக்கெட்டை நான் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு, தட்டில் கிளாஸை வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிறைத்து, சாய்பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். அம்பிளி மேடம், இது என்ன என்று கேட்டார். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, வண்டி சொல்லிக்கொள்ளும் என்று சுவிட்சில் கையை வைத்தேன்.

"பொறு பொறு தாயி! மொத ஓட்டம்லா!"

சட்டைப் பையிலிருந்தும் வேட்டி மடிப்பிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து, எட்டுப் பட்டைக்கும் முன்னால் எட்டு எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். புளியங்குடி எலுமிச்சம்பழம். ஒவ்வொன்றும் என் கைமுட்டி அளவு. தேர்வாளர் ஒருவர் இது எதற்கு என்று கேட்டதற்கு, "எந்த வண்டியானாலும் இது இல்லாம எடுக்கப்பிடாது சார், இஞ்சினுக்கு ஆவாது" என்று விளக்கம் வேறு. நான் எடுத்துவிடலாம் என்று குனிவதற்குள், என் கையின்மேல் தங்கள் கையை வைத்து, தாங்களே சுவிட்சை அமுக்கிவிட்டீர்கள்.

பழங்கள் நசுங்கின. சாறு பீய்ச்சியது. வண்டி பலகையில் ஏறியது, உறுமியது, இழுத்தது, ஒரு பக்கமாக நடுங்கியது, பாதி மேட்டில் நின்றுவிட்டது. ஐந்து மாதம். முன் இடது பட்டை அசையவில்லை. கொட்டையோ தோலோ உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது, வேறு என்ன? அதுவும் போதாமல் அம்பிளி மேடம் பக்கம் திரும்பித் தாங்கள், "லோடு ஜாஸ்தி மேடம், ரெண்டாவது கியர்ல எடுத்திருக்கணும்" என்று சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் குரல்தான் என்று இரண்டு மூன்று வார்த்தைக்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது. கியரே கிடையாது மாமா இதுக்கு, இது லாரி இல்ல, எத்தன தடவ சொல்லணும், எட்டு பட்டைக்கு எட்டு மோட்டார் தனித்தனி, ஒண்ணு நின்னாலும் மத்தது இழுக்கும், மட்டம் பாக்கிறது தண்ணி, தண்ணி எங்கயும் ஒரே உயரத்துலதான் நிக்கும், அது அமெரிக்காவுலயும் அப்படித்தான் மட்டாஞ்சேரியிலயும் அப்படித்தான், மூலை இறங்குனா தக்கை ஏறும் என்று தொடங்கி, நிறுத்த முடியவில்லை. பாதி தமிழ், பாதி மலையாளம். ஏன் படுக்கவைக்கக் கூடாது, ஏன் திரும்பாது, ஏன் லிட்டருக்கு மூன்று மீட்டர், எல்லாம். மற்ற மேசைக்காரர்கள் தங்கள் ராக்கெட்டை விட்டுவிட்டு வந்து கூடிவிட்டார்கள். நடுவில் அம்பிளி மேடம், மேடு இன்னும் அதிகமானால் என்ன ஆகும் என்று கேட்டார். அதைத்தானே மேடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடமே எரிந்து விழுந்தேன். தேர்வாளரிடம்! இன்னொருவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார், கையை நீட்டி நிறுத்திவிட்டேன். கடைசியில் மூச்சு வாங்கத்தான் நிறுத்தினேன்.

அப்போது தாங்கள், அவ்வளவு திட்டும் வாங்கிக்கொண்டு, கீழே முழுசாகக் கிடந்த ஒரு பழத்தைக் குனிந்து எடுத்தீர்கள். அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பல்லால் கடித்துத் திறந்து, வண்டியின் மேல்தட்டில் இருந்த கிளாஸை எடுத்து, அதில் பிழிந்து, "குடி தாயி, தொண்ட வத்திப் போச்சி" என்று நீட்டினீர்கள்.

நான் குடித்தேன். கோபத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். காலி கிளாஸைக் கீழே வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பாதி மேட்டில், சாய்ந்து நின்ற வண்டியின் மேல், அந்தக் கிளாஸ் விளிம்புவரை நிறைந்து இருந்திருக்கிறது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதை யாராவது பார்த்தார்களா என்று தெரியாது. என் மதிப்பெண் முழுவதும் அந்தக் கிளாஸில்தான் இருந்தது மாமா, அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து என்னையே குடிக்க வைத்துவிட்டீர்கள். உப்புகூடப் போடவில்லை.

மறுநாள் வேலைநிறுத்தம் முடிந்தது. ஒரு நாள் முன்னால் முடிந்திருந்தால் யார் கேட்டார்கள்? "வாரேன் தாயி, மனசுல வச்சிக்காத" என்று என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனீர்கள். மனதில் வைக்கவில்லை, எல்லாவற்றையும் தாளில் வைத்துவிட்டேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஒன்று, என் தகரக் கத்தரி தங்கள் பையோடு போய்விட்டது, அதைப் பதிவுத் தபாலில் அனுப்பவும். இன்னொன்று, என் மருமகள் ராக்கெட் விடுகிறாள் என்று ஊரில் சொல்வதை இன்றோடு நிறுத்தவும். அதைக் கேட்டு யாரோ எனக்கு ஒரு வரன்கூடப் பார்த்து அம்மாவுக்கு எழுதிவிட்டார்களாம், பையன் டிராக்டர் வைத்திருக்கிறானாம், ராக்கெட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. கடைசியாக, இனி எந்தக் காலத்திலும், எத்தனை வேலைநிறுத்தம் வந்தாலும், நான் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது தாங்கள் மட்டாஞ்சேரிப் பக்கம் வர வேண்டாம். எலுமிச்சம்பழமும் வேண்டாம். மிச்சப் பழத்தை அம்மா ஊறுகாய் போட்டுவிட்டாள். நான் தொடமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். சின்னவனுக்கு அம்மை இறங்கிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போகிற வழியெல்லாம் மழையும் மேடும் இல்லாமல், தங்கள் பயணம் நல்லபடியாக அமைய வேண்டுகிறேன். டிரெய்லருக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
த. செல்வலட்சுமி

பின்குறிப்பு: மாமா, இன்று 30-ஆம் தேதி. கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், சிக்கிய எலுமிச்சைக் கொட்டையையும் உறைக்குள் போட்டு அனுப்பலாம் என்று முன் இடது பட்டையைக் கழற்றினேன். கொட்டை இல்லை. தோலும் இல்லை. சாறுகூடப் படவில்லை, அந்தப் பட்டை மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முப்பத்தொன்றாவது தட்டில் ஊசியை நான் எதிர்ப்பக்கமாகச் செருகியிருக்கிறேன், அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தில் குத்தி நிற்கிறது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நான் தனியாக உட்கார்ந்து கோர்த்த பட்டை அது. கிரீஸ் பூசியிராவிட்டால் கழற்றியிருக்கவே மாட்டேன் என்பதால் பாதிக் குற்றம் தங்களுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம்தான் எட்டாவது பழம் நினைவுக்கு வந்தது. ஏழு நசுங்கின, ஒன்று முழுசாகக் கிடந்தது. சுற்றாத சக்கரம் பழத்தை நசுக்காது, தள்ளித்தான் விடும். தாங்கள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்களே, இருபத்தெட்டு வருட டிரைவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? பட்டை முதலிலேயே சுற்றவில்லை, பழத்தின்மேல் குற்றமில்லை என்று அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பிழிந்து கொடுத்துவிட்டீர்கள்.

அறிவியல் கூடத்திலிருந்து நேற்று அட்டை வந்தது. மாதிரி செய்கிற வேலை வேறு ஒருவருக்கு. எனக்கு, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிற வேலையாம். நாள் முழுக்க நின்று பேச வேண்டும். யாரோ அட்டையை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அம்பிளி மேடம் சிரித்தார். கிளாஸை அவர் பார்த்திருக்கிறார். குடித்ததையும் பார்த்திருக்கிறார். ஜூன் ஒன்றாம் தேதி திறப்பு, அன்று வண்டியை முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் ஓட்ட வேண்டுமாம்.

மேலே எழுதியிருப்பதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். தமிழில் நான் இவ்வளவு எழுதியது இதுதான் முதல் தடவை, மனம் வரவில்லை. படித்துவிட்டு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கத்தரியைத் தவிர. மே முப்பதாம் தேதிக்குள் வந்துவிடவும். தாங்கள் எனக்கு எதிரே நின்று அந்த ரிவர்ஸ் கேள்வியைக் கேட்டால்தான் எனக்குக் குரல் வருமோ என்று பயமாக இருக்கிறது. வரும்போது எட்டுப் பழம். கொஞ்சம் சின்னதாகப் பார்த்து.